ஒரு ஜாடிக் குப்பை

டெவர்ஸ் க்ரீக் என்ற ஊரில் ரோவீனாவின் வீட்டுக்கு வழி கேட்டால், "ஜாடிக்காரங்க வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. ஊறுகாய் போட்டு வைக்கிற அளவுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரு வருஷம் முழுக்கத் தின்று, உடுத்தி, துடைத்து, கடைசியில் எதற்கும் உதவாது என்று மிஞ்சுகிற குப்பை மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். மாத்திரை அட்டை நாலைந்து, தீர்ந்துபோன பேனா ஒன்று, சட்டையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சீட்டு, அவ்வளவுதான். மீதியெல்லாம் கோழிக்கு, மண்புழுப் பெட்டிக்கு, அல்லது மறுபடியும் வீட்டுக்கே. ஹோபார்ட் நகரத்திலிருந்து ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வந்து அந்த ஜாடியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் புருஷன் அங்கஸ் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுவான். பெற்ற பிள்ளையைக்கூட ஒருவன் அவ்வளவு பெருமையாகத் தூக்கிக் காட்டமாட்டான்.

ஜாடி அங்கஸுடையது. வீடு ஜாடிக்குள் அடங்கும்படி துடைத்துத் தேய்க்கிற வேலை ரோவீனாவுடையது. அதை யாரும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியதில்லை.

ஆனால் ஆரம்பித்து வைத்தது அவள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் ஒரு தங்கும் விடுதியில் அறை துடைக்கும் வேலை பார்த்தாள். கடைச் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் கை இரண்டும் வெடித்து ரத்தம் கசிந்தது. வேலையை விட்டுவிட்டு, வீட்டில் வினிகரும் சமையல் சோடாவும் போதும் என்று முடிவு செய்தாள். ஆரஞ்சுத் தோலை வினிகரில் ஊறவைத்து வடிகட்டினாள். அங்கஸின் பழைய சட்டைகளைக் கிழித்துத் துடைக்கிற துணி ஆக்கினாள். விறகு அடுப்பின் கண்ணாடியில் கரி பிடித்தால், ஈரக் காகிதத்தில் அதே அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். கை ஆறியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. அங்கஸுக்குப் போதவில்லை. நல்ல விஷயம் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதற்கு மணி கட்டி ஊரெல்லாம் அடித்துக் காட்டாமல் அவனால் இருக்க முடியாது. கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஜாடி வந்தது. ஜாடிக்குப் பிறகு, விறகை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வீட்டை அடைக்க ஆரம்பித்தான். தாஸ்மேனியாவின் குளிர்காலம் சும்மா இல்லை, அடைக்கட்டும். கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. வாசற்படிகளில் மணல் நிரப்பிய நீளத் துணிச் சுருட்டு. பழைய சாமான் விற்கிற குப்பைமேட்டுக் கடையில் பொறுக்கி வந்த கண்ணாடிகளை ஒவ்வொரு ஜன்னலுக்கும் உள்பக்கம் இரண்டாவது அடுக்காக வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினான். ஒரு பொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. உள்ளே இருந்த ஈரம் ஒரு பொட்டு வெளியே போகவும் இல்லை.

குளியலறைக் கூரையில் பூசணம் பிடித்தது.

முதலில் மிளகு தூவினாற்போல. அப்புறம் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி அப்பினாற்போல. ரோவீனா முக்காலி மேல் ஏறி, கழுத்தை அண்ணாந்து, வினிகர் தெளித்துத் துடைத்தாள். போனது, வந்தது. சோடா மாவு குழைத்துப் பூசினாள். கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலந்து அடித்தாள். வீடே பல் வைத்தியர் அறை மாதிரி மணத்தது. போனது, வந்தது. வாரத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க அவள் தலை பின்னால் சாய்ந்தே கிடந்தது. வினிகர் சொட்டிக் கண்ணில் விழும். அப்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும், எது வினிகர் எது கண்ணீர் என்று பார்க்க யாரும் அங்கே இல்லை.

"குளியலறை ஜன்னல்ல மட்டும் அந்தக் கண்ணாடியக் கழட்டிடேன், அங்கஸ். ஈரம் போகட்டும்" என்று ஒருநாள் கேட்டாள்.

"கழட்டினா மத்த ஜன்னலெல்லாம் அடைச்சது வீண் ரோ. தொடைக்கும்போது எங்கயாவது ஒரு எடத்த விட்டிருப்ப நீ. விட்ட எடத்துலேருந்துதான் திரும்பப் பரவும்." அன்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டும் போனான்.

அந்த நேரத்தில்தான் வீடு பார்க்கும் நாள் வந்தது. வருஷம் ஒருமுறை இப்படிப்பட்ட வீடுகளைத் திறந்துவிடுவார்கள், ஊர் ஜனம் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. போன வருஷம் தோட்டத்தோடு நின்றது. இந்த வருஷம் குளியலறை வரை காட்டப்போவதாக அங்கஸ் சொல்லிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் ரோவீனா கூரையைப் பார்த்தாள். மூலையில் கருப்பு மறுபடி துளிர்விட்டிருந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று, போதும் என்று சொன்னது.

ஒரு காலி ஜாம் சீசாவை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள்.

பக்கத்து வீட்டு டல்சிக்கு எழுபது வயது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வாராவாரம் வீட்டை பிளீச் என்கிற ரசாயனத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவள். அவள் கொடியில் காய்கிற படுக்கை விரிப்புகளைப் பார்த்தால் கண் கூசும். அங்கஸ் கூட்டங்களில், "எங்க பக்கத்து வீட்லயே ஒருத்தங்க இருக்காங்க" என்று பேர் சொல்லாமல் சொல்வது இவளைத்தான். அது இவளுக்கும் தெரியும்.

"என்ன வினிகர் மகாராணி, சீசாவத் தூக்கிட்டு வர்றீங்க? எங்க வீட்ல ஊறுகா இல்ல" என்றாள் டல்சி.

"கொஞ்சம் பிளீச் இருந்தா குடுங்களேன்."

டல்சி துணி எடுப்பதை நிறுத்தினாள். கவ்வியிருந்த கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "திருப்பிச் சொல்லு கண்ணு. இந்தக் காது கொஞ்சம் மந்தம்."

"மந்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. பிளீச்."

"உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் வேலிக்கு மேல கைய நீட்டுறேன்?"

டல்சி வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் உள்ளே போய்ப் பெரிய பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தாள். "இந்தா, பாட்டிலோட எடுத்துட்டுப் போ. பாதிக்கு மேல இருக்கு."

"பாட்டில் வேண்டாம் டல்சி. காலி பாட்டில எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? இதுல ஊத்திக் குடுங்க."

இந்த வீட்டுக்காரர்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். எதை வாங்கப் போனாலும் சொந்தச் சீசா. எண்ணெயும் அரிசியும் அப்படித்தான் வாங்குவார்கள். பாட்டிலின் முதுகில் சிவப்பு எழுத்தில் எதெதோடு சேரக்கூடாது என்று அச்சடித்திருப்பார்களே, அந்தப் பாட்டில் டல்சியின் கையிலேயே தங்கிவிட்டது. சீசாவில் பழைய ஸ்ட்ராபெரி ஜாம் படம்தான் இருந்தது.

"ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டுப் பண்ணு" என்றாள் டல்சி.

"எங்க வீட்ல எந்த ஜன்னல் தொறக்குது?" என்று சொல்லிவிட்டு ரோவீனா திரும்பினாள். சீசாவை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனாள்.

ஞாயிறு காலை அங்கஸ் வாசலில் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தான். "நான் ஊர்ப் பொது ஹாலுக்குப் போய் பீங்கான் கோப்பைங்கள எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் ரோவீனா. காகிதக் கோப்பையில் டீ கொடுத்தால் ஜாடிக்கு மானம் போய்விடும் அல்லவா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், கூடையைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். குளியலறைக் கதவைச் சாத்தினாள். வாடை வெளியே போகாமல் கதவின் அடியில் ஒரு துண்டையும் சுருட்டிச் செருகினாள். வெளிப்பக்கம் அங்கஸின் மணல் சுருட்டு ஏற்கெனவே இருந்தது.

அவள் கை பல வருஷமாகச் செய்கிற வேலையைத்தான் முதலில் செய்தது. கூரைக்கும் சுவருக்கும் வினிகர் தெளித்தது. வாளியில் ஆரஞ்சு வினிகரை ஊற்றிக்கொண்டது. சீசா வாய்க்குள் தேய்க்கிற பிரஷ் நுழையவில்லை. அழுக்கை எடுக்கிறவைதானே இரண்டும், சேர்ந்தால் இரண்டு பங்கு வேலை நடக்கும் என்று நினைத்து, பிளீச்சை அந்த வாளியிலேயே கவிழ்த்தாள்.

வாளி சீறியது. மூக்கில் ஊசி ஏறினாற்போல் ஒரு வாடை. முதல் மூச்சில் அவளுக்குப் புரியவில்லை, இரண்டாவது மூச்சு உள்ளே போகவே இல்லை. கண் எரிந்து நீர் கொட்டியது. நெஞ்சுக்குள் யாரோ துணியைத் திருகிப் பிழிகிறாற்போல் இருந்தது.

கதவுக்குப் பாய்ந்தாள். அந்தக் கதவின் பித்தளைக் குமிழும் குப்பைமேட்டுக் கடைச் சரக்குதான். லேசாகத் தூக்கித் திருப்பினால் திறக்கும், வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும். திருகாணி போடவேண்டும் என்று அங்கஸ் சொல்லிக்கொண்டே இருந்தான், அதே மாதிரி பழைய திருகாணி கிடைக்கட்டும் என்று காத்திருந்தான். ரோவீனா வெடுக்கென்றுதான் இழுத்தாள். உள்பக்கக் குமிழ் கையோடு வந்துவிட்டது. நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியை விரலால் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். ஈரக்கை வழுக்கியது. அவள் கையே அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. கம்பியும் வெளிக்குமிழும் மணல் சுருட்டின் மேல் சத்தமில்லாமல் விழுந்து, இருட்டு நடையில் எங்கோ உருண்டன.

கதவில் ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது, விரல் நுழைகிற அளவுக்கு. அவள் மண்டியிட்டு அதில் வாயை வைத்து உறிஞ்சினாள். நடையின் காற்று குளிர்ந்து வந்தது. இன்னொரு தரம் உறிஞ்சினாள்.

அப்போது முன்கதவு திறந்தது. மழை பிடித்துக்கொண்டதால் தோட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அங்கஸ் எல்லாரையும் நேராக வீட்டுக்குள் அழைத்து வந்துவிட்டான்.

"காலைத் தொடச்சுட்டு வாங்க. ஆமா, அதுதான் ஜாடி. அதுக்குக் கடைசியா வருவோம்" என்று அவன் குரல் கேட்டது. ஏழெட்டுப் பேராவது இருக்கும். பலகைத் தரை முனகியது.

கூப்பிட்டால் போதும். ஓட்டைக்கு வாயை வைத்து ஒரு வார்த்தை. ஆனால் கூப்பிட்டால் கதவு திறக்கும், திறந்தால் வாளி தெரியும், ஜாம் சீசா தெரியும், கூரையின் கருப்பு தெரியும், ஊருக்கு வினிகர் பாடம் எடுக்கிறவளின் லட்சணம் தெரியும். அங்கஸின் முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கோபப்பட மாட்டான். வருத்தப்படுவான். அந்த வருத்தத்தைத்தான் அவளால் தாங்க முடியாது. திருடனைத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அவர்கள் நடையைத் தாண்டிப் போய்விட்டால் எப்படியாவது சமாளித்துவிடலாம். போய்விடுவார்கள். ஓட்டையில் மூச்சை வாங்கிக்கொண்டு, போங்கள், போங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

அவர்கள் போகவில்லை. குளியலறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"இது எங்க குளியலறை. அட, குமிழைக் காணோமே. எங்கயாவது உருண்டிருக்கும், அது எப்பவும் அப்படித்தான். என் மனைவி ஊர் ஹாலுக்குப் போயிருக்கா, வந்ததும் தொறந்து காட்டுறேன்" என்றான் அங்கஸ். சொல்லிவிட்டு, நிதானமாகப் பேசுகிறவன் சாய்வானே, அப்படிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

ஓட்டை அடைத்துக்கொண்டது. ரோவீனாவின் உதட்டில் அவனுடைய கம்பளிச் சட்டை உரசியது. அவள் பின்னிக் கொடுத்த சட்டை.

"இந்த ரூமுக்குள்ள ஒம்போது வருஷமா ஒரு சொட்டு ரசாயனம் போனதில்ல. வினிகர், சோடா, அவ்வளவுதான். அவதான் எல்லாம். அவ இல்லன்னா இந்த ஜாடி இல்ல."

"இவ்வளவு அடைச்சு வச்சா பூசணம் வராதா?" என்று ஒரு பெண் கேட்டாள். கெட்டிக்காரி.

"சரியாத் தொடச்சா வராது" என்றான் அங்கஸ்.

உள்ளே அவள் அதைக் கேட்டாள். மூச்சு இல்லை, ஆனால் காது நன்றாகவே கேட்டது. இத்தனை வருஷமாக அண்ணாந்து கிடந்த கழுத்து முழுக்க அந்த ஒரு வார்த்தை இறங்கியது. இப்போது கூப்பிட்டே தீருவது என்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காற்றில்லாத குழாய் மாதிரி ஒரு கரகரப்புதான் வந்தது. உள்ளங்கையால் கதவை அடித்தாள். பலமில்லாத கை, இரண்டு தட்டு.

"என்ன அது சத்தம்?" என்றது ஒரு ஆண் குரல்.

"தண்ணி மோட்டார். மழைத்தண்ணிதான் எங்களுக்கு, தொட்டியிலேருந்து ஏறும்போது இப்படித் தட்டும்."

"நீச்சல் குளத்து வாடை ஒண்ணு அடிக்குதே?"

"அது பக்கத்து வீடு. வாராவாரம் ஊத்துவாங்க. சொன்னா கேட்டாத்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். ரோவீனாவுக்குக் கண்ணில் கருப்புப் புள்ளிகள் பறந்தன, கூரைப் பூசணம் இறங்கி வந்துவிட்டாற்போல. இங்கேயே செத்துவிடுவேன், இவன் முதுகுக்குப் பின்னால் செத்துவிடுவேன், என் புகழைக் கேட்டுக்கொண்டே செத்துவிடுவேன் என்று தெளிவாக நினைத்தாள். அந்த நினைப்பு பயத்தைவிடக் கோபத்தைத்தான் கொடுத்தது. கோபம்தான் அவளைத் தூக்கியது. தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஈரத் துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு, குளியல்தொட்டியின் விளிம்பில் கால் வைத்து ஏறினாள். கையில் அந்தப் பித்தளைக் குமிழ் இன்னும் இருந்தது. நல்ல கனம். அங்கஸ் திருகாணி போட்டு முடுக்கிய கண்ணாடியில் அதை ஓங்கி ஒரு போடு போட்டாள். விரிசல் விட்டது. இன்னொரு போடு. உள்கண்ணாடி சரிந்து தொட்டிக்குள் விழுந்தது. வெளிக்கண்ணாடிக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

மழையும் காற்றும் முகத்தில் வந்து மோதின. அவள் தலையை வெளியே நீட்டி இருமினாள், வாந்தி எடுத்தாள், மறுபடி இருமினாள். கையெல்லாம் ரத்தம். ஆனால் மூச்சு உள்ளே போனது. குளிரக் குளிரப் போனது. காற்று இவ்வளவு ருசியாக இருக்குமா என்று அந்த நிலையிலும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வேலியைச் சுற்றிக்கொண்டு முதலில் ஓடி வந்தது டல்சிதான், சமையல் உடுப்போடு. முகர்ந்த உடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவி, வினிகரோட கலந்தியா? வா வா வா, என் கழுத்தப் புடி. கண்ணாடி பாத்து." அந்த வயதில் எங்கிருந்துதான் பலம் வந்ததோ, ஜன்னல் வழியாக அவளை இழுத்து இறக்கி, அணைத்து நடத்திக் கொண்டுபோய்த் தன் வீட்டுப் பின்படியில் உட்கார வைத்தாள். கம்பளியைப் போர்த்தினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். கையில் துணியைச் சுற்றிக் கட்டினாள். "அந்தப் பாட்டிலக் குடுத்திருக்கணும் நான். சனியன் புடிச்ச பாட்டில்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அங்கஸ் வீட்டைச் சுற்றி ஓடி வந்தான். விருந்தாளிகள் பின்னாலேயே வந்து மழையில் நின்றார்கள். அவன் உடைந்த ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ரோ. நீ ஹாலுக்குல்ல போன? என்ன ஆச்சு?"

"பிளீச்" என்றாள் ரோவீனா. குரல் கிழிந்து வந்தது. ஆனால் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள். "பூசணத்துக்கு பிளீச் ஊத்தினேன்."

அவன் டல்சியின் தோட்டத்துச் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். நிஜமாகவே அழுதான். "கதவுக்கு அந்தப் பக்கம்தானே நின்னேன். அங்கயேதானே நின்னேன். ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

ரோவீனா அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் போய்விட்டிருந்தது. களைப்பு மட்டும்தான்.

"நீ பேசிட்டு இருந்த, அங்கஸ்."

பூசணத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் குடையை மடக்கிவிட்டு, மெதுவாக மற்றவர்களை வாசல் பக்கம் திருப்பி அழைத்துப் போனாள்.

ஆம்புலன்ஸ் மலைச்சாலையில் ஏறி வர நேரம் பிடிக்கும். அங்கஸ் சும்மா உட்காரத் தெரியாதவன். கைக்கு ஒரு வேலை வேண்டும் அவனுக்கு. எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனான். ஜன்னலுக்கு அடியில் புல்லில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை மழையில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். பொறுக்கியதை எதில் போடுவது என்று தெரியாமல் உள்ளே போய், பழக்க தோஷம், ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு கை போட்டதும் ஜாடி நிறைந்துவிட்டது. புல் முழுக்க இன்னும் கிடந்தது. குளியல்தொட்டிக்குள் இன்னும் ஒரு முழு ஜன்னல் கிடந்தது.

அவன் நிறைந்த ஜாடியோடு நிமிர்ந்து வேலியைத் தாண்டி அவளைப் பார்த்தான். வீட்டில் எது சிந்தினாலும், எது உடைந்தாலும் அவன் இப்படித்தான் நிமிர்ந்து பார்ப்பான். அவள் துணியோடு எழுந்து வருவாள்.

ரோவீனா கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு, டல்சியின் படியிலேயே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.